லாசரை நான் நிறுத்திய விதம்

போன மாதம் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் அழைத்தார். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியை இடுப்பில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வருபவர்களைத் தெருவில் எப்படி நிறுத்திச் சோதிப்பது என்று அங்கே ஒரு வகுப்பு நடக்கிறது. அதில் சொல்லித்தரும் முறைக்கு 'எட்டடி முறை' என்று பெயர். அதை ஏற்படுத்தியவன் நான்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சட்டையில் கேமரா மாட்டிக்கொண்டுதான் இனி சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருப்பதால் பாடக் குறிப்பைப் புதிதாக அச்சிடுகிறார்களாம்.

"ஒரு நாலு பக்கம் உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார். பசங்களுக்கு உபயோகமா இருக்கும். கூடவே ஒரு போட்டோ" என்றார்.

போட்டோ அனுப்பவில்லை. எழுதியது இதுதான். பாடக் குறிப்பில் இதைச் சேர்ப்பார்களா என்று தெரியாது. சேர்க்காவிட்டாலும் அந்த வகுப்பில் உட்காரும் யாராவது ஒருவர் படித்தால் போதும்.

நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன். வரலாற்றில் எம்.ஏ. முடித்து, தேர்வு எழுதி, நேரடியாக சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினோம். துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒரு தவறும் செய்யாதவன் இடுப்பில் துப்பாக்கி இருந்தால் அவனிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் குறைவு. உரிமம் கிடைப்பதே கஷ்டம். வங்கியிலும் நகைக்கடையிலும் வேலை பார்க்கும் முன்னாள் ராணுவத்தினர், பழைய எஸ்டேட் முதலாளிகள் சிலர், அவ்வளவுதான். தேர்தல் அறிவித்ததும் அவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிப் போவார்கள். முடிந்ததும் வந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் நாங்கள் அவர்களைக் கவனிப்பதே இல்லை.

முதன்முதலில் நான் கவனித்தது அடையாறில். காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர், வெள்ளை ஷூ, அரைக்கால் சட்டை, பெல்ட்டில் பிஸ்டல். ஏதோ சொத்துத் தகராறில் மிரட்டல் வந்து உரிமம் வாங்கியிருந்தார். எனக்கு அது தெரியாது. போய் எதிரே நின்று, "அத எடுங்க சார், பாக்கலாம்" என்றேன்.

அவர் மரியாதைக்காரர். சொன்னபடி எடுத்தார். எடுத்த கை என் வயிற்றுக்கு நேராக நின்றது. அந்தச் சின்ன வட்டத் துளையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. சுற்றி நடந்துகொண்டிருந்தவர்களின் செருப்புச் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.

"லாக் போட்டிருக்கு, பயப்படாதீங்கோ. நீங்கதானே எடுக்கச் சொன்னேள்" என்று சிரித்தார்.

அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் எட்டடி முறை. யாரையும் காப்பாற்றுவதற்காக அதை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் துளையை மறுபடி பார்க்கக் கூடாது என்பதற்காகக் கண்டுபிடித்தேன்.

முறை இதுதான். எதிரே போகக் கூடாது. பின்னாலிருந்து, அவர் இடது பக்கமாக, எட்டடி தள்ளி நிற்க வேண்டும். கத்தக் கூடாது. சொல்ல வேண்டியது நான்கே வாக்கியம், எப்போதும் ஒரே வரிசை, ஒரே வேகம்: நில்லுங்க. சுவரைப் பாருங்க. ரெண்டு கையும் சுவத்துல வைங்க. ரெண்டு நிமிஷம்தான். துப்பாக்கியை அவர் தொடவே கூடாது. கான்ஸ்டபிள் வலப்பக்கமாகப் போய் உறையின் வாரை அவிழ்த்து எடுப்பார். ரிவால்வரின் தோட்டா உருளையைத் திறந்து தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டிக்கொள்வார். துப்பாக்கியின் எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். எல்லாம் சரியாக இருந்தால் காலித் துப்பாக்கியை மறுபடி உறையில் வைத்து வாரை மாட்டிவிடுவார். தோட்டாக்களைக் காகிதப் பொட்டலமாக மடித்து அவர் இடது கையில் கொடுத்துவிடுவார். நாங்கள் நகர்ந்து போகும்வரை அவர் திரும்பக் கூடாது. இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தோட்டாவைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. என் சேவைக் காலம் முழுவதும் இந்த முறையில் ஒரு குண்டுகூட வெடித்ததில்லை.

பிறகு தி. நகர் பக்கம் மாற்றலானேன். அங்கே எங்கள் இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. குற்றவாளி வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்து, அதன்மேல் பேனாவை ஓட்டுவார். "பென்சில்ல இருக்கிற வரைக்கும் அது யோசனை. மசியில வந்துட்டா அது நடந்தது" என்பார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் பெரிய மதிப்பு.

அந்த வட்டாரத்தில் மூன்று பேர் இடுப்பில் ரிவால்வரோடு நடப்பார்கள். மூவரும் நகை வியாபாரத்தோடு சேர்ந்த காவலர்கள். மூவருமே ராணுவத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் லாசர். சாந்தோம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்துக்குப் போய், ஹவில்தாராகத் திரும்பியவர். நகைப் பட்டறை ஒன்றிலிருந்து கடைக்குத் தினமும் மதியம் ஒரு பை போகும். பட்டறை ஊழியர் பிரகாஷ் பையைத் தூக்கிவர, லாசர் கூடவே நடப்பார். துப்பாக்கி சட்டைக்கு வெளியே தெரிய வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. உரிமமும் அதற்கு இடம் கொடுத்தது.

முதல் முறை அவரை நிறுத்தியது முறைப்படிதான். உரிமப் புத்தகத்தைத் திறந்து முகவரியைப் படித்தேன். குப்பத்தின் பெயர் இருந்தது. கூட இருந்த ஏட்டு தேவராஜ் எட்டிப்பார்த்துவிட்டு, "குப்பத்துல ரிவால்வரா? இன்னா நைனா, சுறாவ சுடவா?" என்றார்.

"சுறாவுக்கு வலை போதும் ஏட்டய்யா" என்றார் லாசர், சுவரைப் பார்த்தபடியே. "கரையில சுத்துறதுக்குத்தான் இது."

தேவராஜ் சிரித்தார். நானும் சிரித்தேன். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: நிறுத்தப்பட்டார், சோதிக்கப்பட்டார், ஆவணங்கள் சரி. லாசரைப் பற்றி நான் எழுதிய ஒரே வரி அது.

அந்த மூன்று பேரில் மற்ற இருவரை நான் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. ஒருவர் அசோக் நகரில் சொந்த வீட்டில் இருந்தார். இன்னொருவர் எங்கள் பழைய டி.எஸ்.பி. ஒருவருக்குச் சொந்தக்காரர். ஏன் லாசரை மட்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு காரணம் சொல்லியிருப்பேன். அந்தக் காரணம் உண்மையாக இருந்திருக்காது.

அடுத்த மாதம் புதிய கான்ஸ்டபிள்கள் நாலைந்து பேர் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னை அழைத்து, "உங்க முறைய இவங்களுக்குக் காட்டுங்க. ஸ்டேஷனுக்குள்ள நாடகம் மாதிரி வேண்டாம். நெஜமான தெருவுல, நெஜமான துப்பாக்கியோட" என்றார்.

நிஜமான துப்பாக்கிக்கு எங்கே போவது? எனக்கு லாசர் நினைவு வந்தது. தெரிந்த ஆள். ராணுவக்காரர், சொன்னபடி நிற்பார். ஆபத்தில்லை. புகார் கொடுக்கும் இடத்திலும் இல்லை.

லாசரும் பிரகாஷும் வரும் வழியில் ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் பூட்டிக்கிடக்கும் பழைய பங்களாவின் நீண்ட மதில். உள்ளேயிருந்து தூங்குமூஞ்சி மரம் தெருவுக்குச் சாய்ந்திருக்கும். எதிரே ஒரு டீக்கடை, ஒரு மருந்துக்கடை. இரண்டு மணி வெயிலில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. பெரிய சாலையின் இரைச்சல் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பது போல இருக்கும். அங்கேதான் அவரை நிறுத்தினேன். ஒவ்வொரு கான்ஸ்டபிளுக்கும் ஒரு தரம். தடுமாறியவர்களுக்கு இன்னொரு தரம். பிறகு அடுத்த அணி வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. பயிற்சி என்பதால் எதையும் நாட்குறிப்பில் எழுதவில்லை.

ஆரம்பத்தில் லாசர் பேசுவார். "இன்னா சார், இன்னிக்கும் நானா? வேற ஆளே கெடைக்கலியா?" என்பார். பையன்கள் தப்புச் செய்தால் திருத்தவும் செய்வார். "தம்பி, அந்தாண்ட வா. என் கைக்கு எட்டுற எடத்துல நிக்காதே. நான் கெட்டவனா இருந்தா நீ இந்நேரம் காலி." பிரகாஷ் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று கைபேசியில் விளையாடிக்கொண்டிருப்பான்.

இரண்டு மாதம் போனதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் "நில்லுங்க லாசர்" என்றதும் நிற்பார். எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், மரியாதையாகத்தான் பேசினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக் கைகளை வைப்பார். மூச்சு விடுவதுகூடத் தெரியாது. சுண்ணாம்படித்த அந்த மதிலில் அவர் கை வைக்கும் இடத்தில் இரண்டு பழுப்புத் தடங்கள் விழுந்திருந்தன. மழைக்காலம் முடிந்து பங்களாக்காரர்கள் வெள்ளையடித்தார்கள். பத்து நாளில் அதே உயரத்தில் அதே இரண்டு தடங்கள் மறுபடி தெரிந்தன.

ஒருநாள் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்த கான்ஸ்டபிள், கொஞ்ச தூரம் வந்ததும், "சார், அவரு கை ஜில்லுன்னு இருக்கு" என்றான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. 

அதன் பிறகு நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று எனக்கு ஓய்வு நாள். தேவராஜும் நானும் சாதாரண உடையில் அந்த டீக்கடையின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தோம். லாசரும் பிரகாஷும் சந்துக்குள் வந்தார்கள். சீருடையில் யாரும் இல்லை. எங்களை அவர்கள் பார்க்கவும் இல்லை. மதிலின் அந்த இடம் வந்ததும் லாசர் நின்றார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தத் தடங்களின்மேல் சரியாக வைத்தார். பிரகாஷ் நின்று கைபேசியை எடுத்தான், ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவன் போல.

தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் மதிலின்மேல் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தது. இரண்டு நிமிடம் கழித்து லாசர் கையை இறக்கினார். எதையோ வாங்குவது போல இடது கையை மட்டும் கொஞ்சம் பின்னால் நீட்டி, விரல்களை மூடிக்கொண்டார். நடந்து போனார்.

தேவராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எப்போதும் கிண்டல் பேசும் மனிதர், குரல் இறங்கிப்போய்க் கேட்டார்: "சார், அந்தாளு யாருக்கு நிக்கிறாரு?"

நான் எழுந்து போயிருக்க வேண்டும். லாசரின் தோளைத் தொட்டு, "இனிமே வேண்டாம், போங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தேவராஜ் மறுவாரமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தரமணிப் பக்கம் போனார். நான் அடுத்த அணிக்கும் லாசரைத்தான் நிறுத்தினேன்.

சில வாரங்களில் அந்தக் கொள்ளை நடந்தது. மதியம் இரண்டே கால் மணி, அதே சந்து, அதே மதில். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஒட்ட வெட்டிய முடி, காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நிலையத்தில் பிரகாஷ் அழுதுகொண்டே சொன்னதை நானே எழுதினேன்.

"அவங்க வழக்கமா வர்ற மாதிரிதான் சார் வந்தாங்க. 'நில்லுங்க லாசர்'னு சொன்னாங்க. அண்ணன் திரும்பி நின்னுட்டாரு. 'ரெண்டு நிமிஷம்தான்'னு சொன்னாங்க. நான் போன் பாத்துக்கினு இருந்தேன் சார்."

"அவர் ஒண்ணும் செய்யலையா? இடுப்புல ரிவால்வர் இருக்கே?"

"கைய சுவத்துல வச்சிக்கினாரு சார். அவ்ளோதான்."

மருந்துக்கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. சத்தம் கிடையாது, படம் மட்டும். இன்ஸ்பெக்டரும் நானும் அவர் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவன் பின்னாலிருந்து, இடது பக்கமாக, எட்டடி தள்ளி நின்றான். உதடு நான்கு முறை அசைந்தது. மற்றவன் வலப்பக்கமாகப் போய் வாரை அவிழ்த்து ரிவால்வரை எடுத்தான். உருளையைத் திறந்தான். தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டினான். காலித் துப்பாக்கியை மறுபடி உறையில் வைத்து, வாரை மாட்டினான். தோட்டாக்களைக் காகிதத்தில் மடித்து லாசரின் இடது கையில் கொடுத்தான். அதன் பிறகுதான் பிரகாஷின் தோளிலிருந்து பையை எடுத்தார்கள். வண்டி போய்விட்டது. பிரகாஷ் வாயைத் திறந்து கத்துவது தெரிகிறது. லாசர் திரும்பவில்லை. இரண்டு நிமிடம் முடியும்வரை சுவரைப் பார்த்தே நின்றார்.

எட்டடி தள்ளி நின்றவனின் முகம் அடையாளம் காணும் அளவுக்குப் படத்தில் தெளிவாக இல்லை. பேசும்போது அவன் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தான். அது என் பழக்கம். அவர்கள் யார், எங்கிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாரும் பிடிபடவில்லை.

இன்ஸ்பெக்டர் திரையை நிறுத்தினார். "கொள்ளைக்காரன் துப்பாக்கிய உறையில வச்சு வார மாட்டிட்டுப் போறான். பேரச் சொல்லிக் கூப்பிடறான். இது உள்ளாள் வேலை" என்றார்.

லாசரை உட்காரவைத்தார்கள். அவர் கையில் இன்னும் அந்தப் பொட்டலம் இருந்தது.

"சொல்லுங்க லாசர். ஏன் திரும்பி நின்னீங்க?" என்று இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

"சார்னு நெனச்சேன்."

"எந்த சார்?"

லாசர் என்னைப் பார்த்தார். "இந்த சார். கொரலு வேறயாதான் இருந்திச்சு. ஆனா வார்த்தை அதேதான் சார். அந்த வார்த்தைய கேட்டா திரும்பிடுவேன். எத்தினி தபா நிக்க வச்சிக்கீறாரு, அவரையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் நாட்குறிப்பைப் புரட்டினார். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தார். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "எத்தனை தடவை நிறுத்தியிருக்கீங்க?"

அந்த வாரம் பதவி உயர்வுப் பட்டியல் வந்திருந்தது. அதில் என் பெயர் இருந்தது. உரிமம் பெற்ற ஒருவரைப் பயிற்சிப் பொம்மையாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தினேன், எதையும் பதியவில்லை என்று சொன்னால் அந்தப் பெயர் இருக்காது. இன்ஸ்பெக்டரின் பெயருக்கும் சேதம் வரும். அவர் விரல் அந்த வரியிலிருந்து நகரவில்லை. அவருக்கும் எல்லாம் தெரியும். கான்ஸ்டபிள்களை என்னோடு அந்தத் தெருவுக்கு அனுப்பியவரே அவர்தான்.

"ஒரு தடவை சார்" என்றேன்.

"ஒரு தடவை" என்று பென்சிலால் எழுதினார்.  லாசர் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

லாசர் கைதாகி எட்டு மாதம் சிறையில் இருந்தார். உரிமம் ரத்தானது. வேலை போனது. வழக்கு நடந்தபோது நான் சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, மறுபடியும் "ஒரு தடவை" என்றேன். கடைசியில் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவித்தார்கள். ஆனால் உரிமத்தை ரத்து செய்த உத்தரவில் ஒரு வரி அப்படியே நின்றுவிட்டது: கொள்ளைக்கு உடந்தையாக இருந்ததாக நம்பக் காரணம் உள்ளது. அந்த வரியால் வேறெங்கும் காவலர் வேலை கிடைக்கவில்லை. குப்பத்து மாதா கோவில் திருவிழாத் தேருக்கு முன்னால் பட்டாளத்து மெடலோடு நடப்பவர் அவர்தான். அதற்கும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டில் திருடன் என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் இன்ஸ்பெக்டரானேன். உதவி ஆணையராக ஓய்வு பெற்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் லாசரின் மகள் ஸ்டெல்லா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஒரு ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் பெண். அந்த வரியை நீக்கக் கோரி மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னாள். "துப்பாக்கி வேணாம் சார். அப்பாவுக்கு அந்த ஒரு லைன் போனா போதும். நீங்க உண்மைய எழுதிக் குடுத்தா போயிடும்னு வக்கீல் சொல்றாரு."

"ரொம்ப நாளாச்சும்மா. ஞாபகம் இல்ல" என்றேன். அவள் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இப்போது போன மாதத் தொலைபேசிக்கு வருகிறேன். அந்த இளம் சப்-இன்ஸ்பெக்டர் தொலைபேசியை வைப்பதற்கு முன், "வார்த்தையெல்லாம் கரெக்டா இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க சார்" என்று பாடக் குறிப்பிலிருந்து படித்தார். நில்லுங்க. சுவரைப் பாருங்க. ரெண்டு கையும் சுவத்துல வைங்க. ரெண்டு நிமிஷம்தான். என் வேகம், என் இடைவெளி, முன்பின் கேட்டறியாத ஒரு குரல். பட்டப்பகல். மனைவி சமையலறையில் இருந்தாள். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் இரண்டு மூன்று முறை கேட்டது காதில் விழுந்தது.  நான் கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது திரும்பினேன் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பத்திரத் தாள் வாங்கி, பிரமாண வாக்குமூலம் ஒன்றைக் கையால் எழுதிக்கொண்டு, பட்டினப்பாக்கம் பக்கம் அவர்கள் குடியிருக்கும் வீட்டுவசதி வாரியக் கட்டடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் கண்டாள். உள்ளே திரும்பி, "அப்பா, அந்த சார்" என்றாள். 

லாசர் ஜன்னலோரம் நின்றிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. கடல் காற்றில் நாட்காட்டி படபடத்துக்கொண்டிருந்தது.

"வாங்க" என்றார். நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பயிற்சிக்காக அவரைப் பலமுறை நிறுத்தியது, எதையும் பதியாதது, விசாரணையிலும் நீதிமன்றத்திலும் பொய் சொன்னது, எல்லாம். 'சுமார் நாற்பது முறை' என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"நாப்பது இல்ல சார். அறுபத்தி மூணு."

"எண்ணினீங்களா?"

"சுவத்தப் பாத்துக்கினு நின்னா வேற இன்னா சார் வேல? எண்ணிக்கினுதான் இருந்தேன். நீங்க இல்லாத அன்னிக்கு நின்னத அதுல சேக்கல."

நாற்பதை அடித்துவிட்டு அறுபத்து மூன்று என்று எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். ஸ்டெல்லா வாங்கிப் பார்த்தாள். "இத குடுத்தா உங்க மேல கேஸ் வரும் சார். கோர்ட்டுல பொய் சொன்னதா நீங்களே எழுதியிருக்கீங்க. பென்ஷன்கூட நின்னு போகலாம்" என்றாள். அவள் குரலில் இரக்கமும் இல்லை, பழியும் இல்லை. பரிசோதனை முடிவைச் சொல்வது போலச் சொன்னாள்.

"தெரியும்மா."

லாசரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"அந்த வார்த்தைய இப்பவும் சொல்லிக் குடுக்கறாங்களா?"

"ஆமாம். வகுப்புல. புஸ்தகத்துல அச்சடிக்கிறாங்க."

"எத்தினி பேருக்கு?"

"ஒவ்வொரு அணிக்கும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்கங்க சார்" என்றார். "நான் உடந்தை இல்ல. ஆனா நாளைக்கு எந்தத் தெருவுல எவன் வந்து அந்த வார்த்தைய சொன்னாலும் நான் திரும்பித்தான் நிப்பேன். இந்த வயசுலயும். என் பொண்ணு பக்கத்துல இருந்தாலும். என்னால நிக்காம இருக்க முடியாது. அத்தயும் எழுதுங்க."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். தாளில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனுவோடு அந்த வாக்குமூலமும் போன வாரம் தாக்கலாகிவிட்டது. அதன் கடைசி வரி அதுதான்.